ஆளுக்கொரு அவரை விதை

ஜெசிந்தா இறந்துபோன செய்தி எனக்கு ஜெசிந்தாவின் எண்ணிலிருந்தே வந்தது. காலையில் விளாங்குடி வீட்டு மொட்டை மாடியில் செடிப் பைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் அவள் பெயர், அதன் பக்கத்தில் அவள் வைத்திருந்த ஊதா அவரைப்பூ படம், கீழே 'ஜெசிந்தா டீச்சர் இன்று அதிகாலை இறைவனில் இளைப்பாறினார்' என்று ஒரு வரி. கோச்சடையில் அவளோடு இருந்த அக்கா மகன்தான் அவள் போனை எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. என்ன விளையாட்டு இது என்று அவளுக்கே பதில் எழுதினேன். உடனே நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. அந்த நீல டிக்கைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, பையிலிருந்து தண்ணீர் வழிந்து கால் நனைந்தது.

முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பிறகு படிக்கவும், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நடத்தும் மலரில் போடவும் எழுதித் தரச் சொன்னார்கள். அவளைப் பற்றி 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மிஷன் பள்ளியில் ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் பணிக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். அவள் தாவரவியல், நான் கணக்கு. அவளை 'அவள்' என்றே எழுதுகிறேன். குறைபடுகிறவர்கள் என்னிடம் சண்டைக்கு வரலாம், நேரம் இருக்கிறது.

அவளிடம் விதை வாங்காதவர்கள் உங்களில் குறைவு. வாங்கியவர்களுக்குத் தெரியும், இந்த விதை வேண்டும் என்று கேட்டு வாங்க முடியாது. அவளே வீட்டுக்கு வருவாள். மாடி ஏறி, வெயில் எந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டியின் நிழல் எதுவரை விழுகிறது என்றெல்லாம் பார்ப்பாள். அது பாதி வேலைதான். பிறகு கீழே வந்து காப்பி குடித்தபடி வீட்டு ஆட்களின் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது. டாக்டர் மாத்திரை எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பாரே, அப்படி இருக்கும். கொடைக்கானலில் பச்சைப் பட்டாணிக் கொடியைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு அதுதான் வேண்டும் என்று ஒரு தடவை நின்றேன். "மதுரை வெயில்ல பட்டாணி போட்டா வறுத்த பட்டாணிதான் பறிப்ப" என்று சொல்லிவிட்டு, பந்தல் அவரையைக் கையில் திணித்தாள்.

அவளுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. சாப்பிடப் போகிறவர்தான் தன் கையால் விதை போட வேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் போடக் கூடாது. முதல் பறிப்பு கோச்சடைக்கு, அவள் வீட்டுக்கு வர வேண்டும். மற்றபடி தோட்டம் போடாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனிச் சொல்வது புரியாது. பந்தல் அவரை கொடி. ஆடியில் போட்டால் பனி இறங்கிய பிறகுதான் பூக்கும், தை வரை காத்திருக்க வேண்டும். செடி அவரை இடுப்புக்குக்கூட வளராது, ஆனால் ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். விதையைப் பார்த்து எது எது என்று நம்மால் சொல்ல முடியாது. அவளால் முடியும்.

எங்கள் தலைமையாசிரியர் ஓய்வுபெற்ற வருஷம், இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்து, மாடி முழுக்கப் பந்தல் போட்டுவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். அவர் எங்களை முந்திக்கொண்டு மாடி ஏறி, மேலே நின்று சிரித்தார். காப்பி குடித்துவிட்டு ஜெசிந்தா செடி அவரையைக் கொடுத்தாள். இம்புட்டுப் பெரிய பந்தல் போட்டிருக்கேன், குட்டைச் செடியைத் தர்றீங்களே டீச்சர் என்று அவர் கோபித்துக்கொண்டார். ஆனாலும் அதைப் போட்டார். அந்தச் செடி பூத்துக் காய்த்தது, முதல் பறிப்பை அவரே கொண்டுவந்து கொடுத்தார். தை பிறந்தபோது அவர் இல்லை. துக்கத்துக்குப் போனவர்கள் எல்லோரும் அந்த வெறும் பந்தலுக்குக் கீழேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம்.

அடுத்து நாகமலை புதுக்கோட்டையில் இருந்த தையல் டீச்சர். அவளுக்கும் செடி அவரைதான். அவளுக்கும் அந்த வருஷம்தான் கடைசி. அதன் பிறகு ஆசிரியர்களுக்குள் பேச்சு கிளம்பியது உங்களுக்கே தெரியும். சிலர் ஜெசிந்தாவை வீட்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒருவர் அவள் கொடுத்த விதையை வைகையில் கொண்டுபோய் வீசிவிட்டு, முளைக்கவில்லை என்று அவளிடம் பொய் சொன்னார். இரண்டே இரண்டு பேரை வைத்துக்கொண்டு விதி எழுதுகிறீர்களே, இதற்குத்தானா பட்டம் வாங்கினீர்கள் என்று நான் எல்லோரையும் கிழித்தேன். எனக்கு இன்றைக்கும் மூடநம்பிக்கை என்றால் ஆகாது. இதைப் படித்து முடிக்கும்வரை அதை மறக்காதீர்கள்.

இந்த வருஷம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. வீடு திரும்பியும் மனிதர் தேறவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். மாடியில் ஏதாவது வளர்த்தால் பார்த்துக்கொண்டிருப்பாரே என்று ஆடிக் கடைசியில் கோச்சடைக்குப் போனேன். எங்கள் வீட்டுக்கு அவளைக் கூப்பிடவில்லை. அந்தப் பார்வை அவர் முகத்தில் விழ வேண்டாம் என்று நினைத்தேன், உள்ளதைச் சொல்கிறேன்.

அவளுடைய மாடியில் பந்தல் கம்புகள் கட்டாமல் ஓரமாகக் கிடந்தன. வருஷா வருஷம் தெருவுக்கே நிழல் தருகிற கொடியை இந்தத் தடவை போடவே இல்லை. பைகளில் எல்லாம் செடி அவரை, குட்டை குட்டையாக, பூவோடு நின்றது. ஏன் பந்தல் கட்டவில்லை என்று கேட்டேன். கை வலி என்றாள். வாய் சும்மா இருக்காதே எனக்கு, தலைமையாசிரியருக்கு ஏன் அந்த விதையைக் கொடுத்தாய் என்று நேராகக் கேட்டுவிட்டேன்.

"மாடி ஏறி வந்ததும் அம்புட்டு மூச்சு வாங்குச்சே அவருக்கு, நீ பாக்கலையா வசந்தா? காத்திருக்க முடியாதவங்களுக்குக் காத்திருக்க வைக்கிற கொடியைக் கொடுக்கக் கூடாது."

இது நியாயமான பதில்தான். உடம்பு முடியாதவருக்குச் சீக்கிரம் காய்ப்பதைக் கொடுத்திருக்கிறாள், அதில் இரக்கம்தான் இருக்கிறது, மாயம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் அன்றைக்கு அவர் பக்கத்தில்தான் நின்றேன். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. எங்களுக்குத்தான் வாங்கியது.

கிளம்பும்போது கண்ணாடி போத்தலிலிருந்து விதைகளைக் கையில் கொட்டிப் பார்த்தாள். ஒன்றை எடுத்தாள். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தாள், அந்தப் பார்வைதான், இன்னொன்றையும் எடுத்தாள். தனித்தனிக் காகிதத்தில் மடித்து, "இது அண்ணனுக்கு, இது உனக்கு. ஆளுக்கொரு பையில அவங்கவங்க கையால போடுங்க" என்றாள். கொடியா, செடியா என்று கேட்டேன். "முளைச்சா தெரிஞ்சுட்டுப் போவுது" என்று படி வரைக்கும் வந்து அனுப்பிவைத்தாள். அவளை நான் கடைசியாகப் பார்த்தது அந்தப் படியில்தான்.

அவர் விதையை அவர் கையாலேயே போடட்டும் என்று பையை ஜன்னலோரத்துக்கு இறக்கிக் கொண்டுபோய், போட்டதும் மாடிக்கு ஏற்றினேன். விதை போட்ட அடுத்த வாரம்தான் அந்தச் செய்தி வந்தது. இரண்டு விதையும் முளைத்திருந்தன. அன்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது அவற்றுக்குத்தான்.

இந்த இடத்தோடு நிறுத்தி, ஒரு ஜெபம் சொல்லச் சொல்லித் திருப்பலி அன்று நான் உட்கார்ந்துவிடுவேன். முன்வரிசையில் என் வீட்டுக்காரர் இருப்பார். அச்சில் படிக்கிற நீங்கள் மிச்சத்தை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். மலரை அவர் புரட்ட மாட்டார், கிரிக்கெட் செய்தி அதில் வராது.

இத்தனை நாளும் எனக்குத் தூக்கமே இல்லை. விடிந்ததும் மாடிக்குப் போய் அவருடைய பையைத்தான் பார்ப்பேன். கொடியா, செடியா? பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் இலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். கணக்கு டீச்சர், மூடநம்பிக்கை ஆகாதவள், ஒரு அவரைச் செடிக்கு முன்னால் உட்கார்ந்து ஏறிவிடு, ஏறிவிடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். இன்று காலை அவர் எனக்கு முன்பே மாடி ஏறிவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவராகப் படி ஏறியது இன்றுதான். "வசந்தா, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டார். அவர் பையிலிருந்து நுனி ஒன்று கிளம்பி, பக்கத்தில் கிடந்த துணிக்கயிற்றைப் பிடித்து இரண்டு சுற்று சுற்றியிருந்தது. அது கொடி. தைக்குத்தான் காய்க்கும். நான் அழுதேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

அப்போதுதான் என் பையைப் பார்த்தேன். விதை போட்டதிலிருந்து தண்ணீர் ஊற்றியதோடு சரி, ஒரு தடவைகூட உற்றுப் பார்த்ததில்லை. முழங்காலுக்குக் கீழே, குட்டையாக, புதராக நின்றது. உச்சியில் மொட்டு விட்டிருந்தது.

தண்ணீரோடு வந்தவர், உன்னுது ஏன் வளரவே இல்லை என்று கேட்டார். உரம் பத்தவில்லை என்று சொன்னேன்.

பயமாகத்தான் இருக்கிறது. இரக்கம், மாயம் இல்லை என்று நான் எழுதிய வரியை நானே திரும்பத் திரும்பப் படித்துக்கொள்கிறேன். அவளுடைய புத்தகம், புடவை, படம் எதுவும் எனக்கு வேண்டாம் என்று அவள் அக்கா மகனிடம் சொல்லிவிட்டேன். என்னிடம் அவள் மிச்சம் வைத்தது மாடியில் இருக்கிறது. அவர் கொடிக்குப் பந்தல் கட்ட நாளைக்கு ஆள் வருகிறார்கள், தை வரைக்கும் தாங்குகிற மாதிரி நன்றாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன். என்னுடையது அதற்கு முன்பே காய்த்துவிடும். முதல் பறிப்பு உனக்குத்தான் ஜெசிந்தா, நானே கொண்டு வாரேன்.