குன்வோரின் கால்களும் ஓட்வினின் மெழுகும்

நெடுந்தூரப் பனிச்சறுக்கில் நான்கு முறை நார்வேயின் சாம்பியனான குன்வோர் எங்கள் ஊர்க்காரி. யாருக்கு எவ்வளவு பெருமை சேர வேண்டும் என்பதில் எங்கள் ஊர் மிகவும் கறார். அவள் ஜெயித்த நாட்களில், அவளுடைய சறுக்குக் கட்டைகள் பனியில் வழுக்கி ஓட அவற்றுக்கு மெழுகு பூசிய ஓட்வினின் கையைக் குலுக்கி, "இன்னைக்கு மெழுகு பிரமாதம்ப்பா" என்போம். தோற்ற நாட்களில் மெழுகைப் பற்றிப் பேச மாட்டோம். அவள் கால்களைப் பற்றிப் பேசுவோம்.

முப்பத்தைந்து வயதில் போட்டிகளை விட்டவள், ஊர்ப் பனிச்சறுக்குச் சங்கத்தில் பெண்களுக்குப் பயிற்சியாளராக வேண்டும் என்று கேட்டாள். எங்களிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான். ஓட்வினும் கேட்டிருந்தான். அவன் பத்து கிலோமீட்டர் சறுக்கி யாரும் பார்த்ததில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் தோர்லெய்ஃப் பேச்சை ஆரம்பித்தார். "உனக்குச் சறுக்கத் தெரியும் குன்வோர், ஒத்துக்கறோம். ஆனா உன்னை ஜெயிக்க வச்சது யாரு?"

"பத்தொம்பது வருஷமா மலை ஏறுறப்ப மூச்சு முட்டினது எனக்கு, தோர்லெய்ஃப். மெழுகுக்கு இல்ல."

"கோவிச்சுக்காதம்மா. காபி என்னாச்சுன்னு பாரு. இன்னைக்கு உன் முறைதானே?"

முறைப் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. அதில் சாம்பியனுக்கும் விலக்கு கிடையாது. நாற்பது கோப்பைகளில் காபி ஊற்றி அவள் திரும்பி வருவதற்குள் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. ஓட்வின் ஏகமனதாகத் தேர்வானதாகக் குறிப்பேட்டில் எழுதியிருந்தது. அதில் பொய் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் அறையில் இருந்த அத்தனை பேரும் கை தூக்கியிருந்தோம்.