வரிசை எண் ஆறு

போன வருடமே விசாவுக்கு ஒருமுறை முயன்று பார்த்தேன். மறுத்துவிட்டார்கள். கேட்காத ஆவணங்களையெல்லாம் எடுத்து நீட்டியதுதான் காரணம் என்பது அமெரிக்காவில் இருக்கும் என் மகளின் தீர்ப்பு. இப்போது அவளுக்குப் பிரசவம் நெருங்குகிறது. இந்த முறை நேர்காணலுக்குப் போக வேண்டியவள் என் மனைவி. அவளையும் மறுத்தால் மகளுக்கு அங்கே துணையில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு, ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் வகுப்புக்கு, தினமும் பஸ்ஸில் போனோம். படிப்பு அவளுக்கு, கடைசி பெஞ்ச் எனக்கு. 'டேக்' என்ற வினைச்சொல்லை வெவ்வேறு பொருளில் வைத்துப் பத்து வாக்கியம் எழுதி வரச் சொன்னார் ஆசிரியை. வருவாய்த் துறையில் கோப்பு எழுதியே ஓய்வு பெற்றவன் நான். சும்மா இருக்க முடியுமா? பஸ் பிடிப்பது, மாத்திரை விழுங்குவது, போட்டோ எடுப்பது, விடுப்பு எடுப்பது, பரீட்சை எழுதுவது, நேரம் ஆவது என்று வரிசை எண் போட்டு, தட்டச்சு செய்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தேன். அதே வரிசையில் ஒப்பிக்கவும் வைத்தேன்.

நேர்காணலுக்கு முந்தைய வாரம் வகுப்பில் ஒத்திகை. மகள் வீட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று ஆசிரியை ஆங்கிலத்தில் கேட்டார். விடை ஆறாவது வாக்கியத்தில் இருந்தது. என் மனைவி முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கினாள். பஸ் பிடித்தாள், மாத்திரை விழுங்கினாள், போட்டோ எடுத்தாள், விடுப்பு எடுத்தாள், பரீட்சை எழுதினாள், ஒருவழியாக ஆறுக்கு வந்து சேர்ந்தாள். வகுப்பே சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் அந்தப் புத்தகத்தை என் மடியில் வைத்தாள்.

"இத நீங்களே வச்சுக்கிடுங்க."

"ஏட்டி, அதுல ஒரு தப்புகூட இல்லையே."

"தப்பு இல்லைங்க. நான் அதுல இல்ல. செத்த நேரம் பேசாம வாங்க."

ஜன்னல் பக்கம் திரும்பி அவளாகவே ஏதோ முணுமுணுத்தாள். கொஞ்சம் காதில் விழுந்தது. "ஐ டேக் த பேபி. மை டாட்டர் டேக் ரெஸ்ட்." திருத்த வாயைத் திறந்தேன். ஊர் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சென்னையில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் போக அவளுக்கு மட்டும்தான் அனுமதி. நான் எதிர்ச் சாரியில், இரண்டு செட் நகல்களுடன், ஒரு மரத்தடிக்கும் அடுத்த மரத்தடிக்குமாக நடந்தேன். தண்ணீர் பாட்டில் வாங்கினேன், குடிக்கவில்லை. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே வெளியே வந்தாள், கையை வீசிக்கொண்டு.

"என்ன கேட்டாவ? எத்தனாம் நம்பர்?"

"ஒரு நம்பரும் இல்ல. எதுக்குப் போறீகன்னு கேட்டாவ, சொன்னேன். பாஸ்போர்ட்ட அவியளே வச்சுக்கிட்டாவ. விசா குத்தி அனுப்புவாகளாம்."

அதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் கேட்டுவிட்டது:

"அதுக்கு ரசீது வாங்குனியா?"

அவள் என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.