பாண்டீஸ்வரி ஜீப்பில் படித்த ஏழாம் பாகம்

போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்கே குடலைப் புரட்டும். அந்தப் பாதையில், பதினாலு பேரைத் திணித்த ஜீப்புக்குள் ஒருத்தி மடியில் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டே போகிறாள் என்றால் நம்புவீர்களா? முத்துப்பிரியாவும் முதலில் நம்பவில்லை.

ராசிங்காபுரத்துப் பாண்டீஸ்வரிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற சோலி. படிப்பு எட்டாவதோடு சரி. வீட்டில் மூச்சுவிட நேரமில்லை. ஜீப் ஏறி இறங்குகிற பொழுது மட்டும்தான் அவளுக்கென்று உள்ளது. அதைத் தூங்கிக் கழிக்காமல் கதை படிக்கிறாள்.

முத்துப்பிரியா போடியில் ஏலக்காய்க் கடையொன்றில் பில் போடுகிறவள், எம்.காம். நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடற்கரைக் குடும்பம் ஒன்றைப் பற்றிய ஏழு பாக நாவலின் இரண்டாம் பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வாசலிலேயே மறித்தாள் பாண்டீஸ்வரி.

"நீதானா ஆத்தா அது? மூணு வாரமா இந்தப் புத்தகத்துக்கு அலையுறேன். அம்புட்டு நாளா படிச்ச?"

முத்துப்பிரியா இரண்டு நாளில் படித்துவிட்டு, மேசையில் சும்மா போட்டு வைத்திருந்தாள். சொல்ல வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து கூட்டு. முத்துப்பிரியா முதலில் படிப்பாள்; பிறகு பாண்டீஸ்வரி ஒரு மாதம் எடுத்துக்கொள்வாள். அவள் முடிக்கும்வரை அடுத்த பாகத்தை இருவருமே தொடக்கூடாது. ஆமை வேகம்தான், ஆனால் கொத்தில் விளைந்த காயைப் பார்த்து எடுக்கிற கண் அல்லவா? ஒரு வரி தப்பாது. கதையில் தம்பி தாசன் மூன்றாம் பாகத்தில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. "அவன் போனதுக்கப்பறம் அக்காக்காரி ஒரு தடவகூட மீன் கொழம்பு வைக்கல, கவனிச்சியா?" என்பாள். முத்துப்பிரியா கவனித்திருக்க மாட்டாள். யாரையும் லேசில் மெச்சாத அவள், இந்த ஒருத்தியை மனதுக்குள் கும்பிட்டாள்.

ஆனாலும் ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. பாண்டீஸ்வரி ஆறாம் பாகத்தில் இருக்கும்போதே முத்துப்பிரியா ஏழாம் பாகத்தை எடுத்து ஒரே நாளில் முடித்துவிட்டு, சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிட்டாள்.

தவளை தன் வாயால் கெடும். அடுத்த ஞாயிறு பாண்டீஸ்வரி நூலகத்தில் கண் கலங்கி நின்றாள். "தாசன் செத்துருப்பானோன்னு சோறே எறங்கல."

"கவலப்படாதீங்கக்கா, வந்துருவான்."

பாண்டீஸ்வரி அவள் முகத்தையே பார்த்தாள். ஆறாம் பாகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏழாம் பாகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று ஞாயிறு அவள் வரவில்லை. போன் அடித்தாலும் எடுக்கவில்லை. ஒரு கதையைக் கெடுத்ததற்கு இவ்வளவா என்று முதலில் கோபம் வந்தது முத்துப்பிரியாவுக்கு. பிறகு அழுகை வந்தது. இனி எத்தனை புத்தகம் படித்தாலும் பேச ஆளில்லையே என்று பயந்தாள்.

நாலாவது ஞாயிறு பாண்டீஸ்வரியே கூப்பிட்டாள். "கடைசி இருவது பக்கம் கெடக்கு. நாளைக்கு லீவு போட்டுட்டு காலையில ஜீப்புக்கு வா. நான் படிப்பேன், நீ சும்மா உக்காந்து பாக்கணும். அதான் ஒனக்குத் தண்டன."

எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி முத்துப்பிரியா ஏறினாள். வண்டி கிளம்பியதுமே பாண்டீஸ்வரி புத்தகத்தைப் பிரித்தாள். வளைவுகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. பாதி மலையில் அவள் கன்னத்தில் கண்ணீர் வடிந்தது.

"அவன் வருவான்னு தெரிஞ்சுமா அழுகுறீங்க?"

"வந்துட்டான், வாசல்ல நிக்கான். அக்காக்காரி தாழ்ப்பாளப் புடிச்சுக்கிட்டுத் தெறக்காம நிக்கா. வேற யாராச்சுமா இருந்துட்டா என்ன செய்யிறதுன்னு. ஒரு பக்கம் முழுக்க நிக்கா ஆத்தா."

முத்துப்பிரியாவுக்கு அப்படியொரு பக்கம் நினைவிலேயே இல்லை. தம்பி வந்தானா என்று பார்க்கிற அவசரத்தில் தாண்டிப் போயிருந்தாள்.

"அது எங்கக்கா இருக்கு?" என்று எட்டிப் பார்த்தாள்.

பாண்டீஸ்வரி அவளை முறைத்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, புத்தகத்தில் பாதியை அவள் மடிமேல் வைத்தாள்.

"மேல இருந்து படி. வெரசாப் போகாத."

இருவர் தலையும் ஒன்றாகக் குனிந்தன. ஜீப் அடுத்த வளைவில் திரும்பியது. முத்துப்பிரியா எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தின் கடைசி வரிவரை படித்துவிட்டு, பக்கத்தைத் திருப்பாமல் காத்திருந்தாள்.

"முடிச்சுட்டியா?" என்றாள் பாண்டீஸ்வரி.

"நீங்களே திருப்புங்கக்கா."