ஆளுக்குப் பாதி கிழங்கான்

கல்மண்டபம் பக்கம் நான் கருவாட்டுக் கடை போட்டு ஆறேழு வருஷம் ஆகியிருந்தபோது நடந்தது இது. கடை என்றதும் கதவு, பூட்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பிளாட்பாரத்தில் ஒரு சாக்கு, மேலே ஒரு குடை, நடுவில் நான். சரக்கு எடுப்பது எப்போதும் திருவொற்றியூர்க் குப்பத்தில் ஒருத்தியிடம்தான். புருஷன் படகில் கொண்டு வருகிற மீனை உப்புப் போட்டு, கடலோர மணலில் காயவைத்து விற்பாள். என் வயசுதான், குரல் மட்டும் என்னைவிடப் பெரிது. எனக்கே குரல் கொஞ்சம் பெரிது என்பார்கள்.

எங்களுக்குள் ஒரு முறை உண்டு. விலை பேசி முடிந்ததும் கூடையிலிருந்து ஒரு கிழங்கான் கருவாட்டை உருவி இரண்டாகப் பிய்ப்பாள். பாதி அவள் வாயில், பாதி என் வாயில். உப்பு எப்படி என்று நான் சொன்ன பிறகுதான் கூடை என் தலைக்கு ஏறும். நான் தவறாமல் ‘உப்பு கம்மி’ என்பேன். அவளும் தவறாமல் ‘உன் நாக்குலதான் கோளாறு’ என்பாள். அந்த மணலில் எல்லா யாவாரமும் இப்படித்தான் முடியும். கடிக்க மாட்டேன் என்று ஒருத்தி சொன்னால், உன் சரக்கு கெட்டது என்று நாலு பேர் முன்னால் சொன்னதாக அர்த்தம்.

என் புருஷன் சாகும்போது எனக்கு விட்டுவிட்டுப் போனது ஒரு சைக்கிளும் எச்.ஐ.வி.யும். சைக்கிளை விற்றுவிட்டேன். இன்னொன்றை விற்க முடியாதே. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவச மாத்திரை கொடுக்கத் தொடங்கிய புதிதில் நானும் வரிசையில் நின்று வாங்கினேன். ஒரு வருஷத்தில் ஜாக்கெட்டையெல்லாம் பிரித்துத் தைக்கிற அளவுக்கு உடம்பு தேறிவிட்டது. விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் அம்மா. குப்பத்துக்காரியிடம் நான் வாய் திறக்கவில்லை. அவளாகக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி சந்தோஷமாக இருந்த அந்த நேரம் பார்த்துத்தான் உள் உதட்டில் அரிசி மாதிரி ஒன்று முளைத்தது. வலி இல்லை. நாக்கு மட்டும் ஓயாமல் அங்கேயே போய் நிற்கும். ரெண்டு மாசத்தில் கன்னத்தின் உள்பக்கமும் வந்துவிட்டது. அம்மா டார்ச் அடித்து எண்ணினாள். ஏழு.

மரு என்று அம்மா ஒரே பார்வையில் தீர்ப்பு சொன்னாள். அதற்கு வைத்தியமும் வைத்திருந்தாள். உப்பும் மிளகும் வெல்லமும் கோயில் குளத்தில் போட வேண்டும், வெல்லம் கரையக் கரைய மருவும் கரையும். பொட்டலம் கட்டிக்கொண்டு போனோம். அந்த வருஷம் மழையே கிடையாது. குளத்துக்குள்ளே பையன்கள் இறங்கி கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடலில் போடலாமே என்றேன். கடலில் உப்பைப் போட்டால் நம்முடையது எது என்று சாமிக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். கடைசியில் வீட்டுக்கு வந்து, லாரியில் பிடித்த தண்ணீர்க் குடத்தில் போட்டுக் கரைத்தாள். அந்தப் பஞ்சத்தில் ஒரு குடம் தண்ணீரை யார் கொட்டுவார்கள்? அன்றைக்கு எங்கள் வீட்டில் அதில்தான் ரசம்.

ரசம் நன்றாகவே இருந்தது. மரு ஏழும் அப்படியே இருந்தன.

மாத்திரை கொடுக்கிற இடத்தில் சொன்னேன். பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன வயசு டாக்டரம்மா, பொறுமைசாலி. இதுவும் ஒரு கிருமிதான், பெயர் எச்.பி.வி. என்றார். நிறையப் பேருக்கு வந்து தானாகவே போய்விடுமாம். எச்.ஐ.வி. இருக்கிறவர்கள் வாயில் லேசில் போகாமல் தங்கிவிடுமாம். மாத்திரையில் உடம்பு தேறுகிற சமயத்தில்கூடச் சிலருக்கு மருவாக முளைக்குமாம். ஏற்கனவே ஒருத்தன் வாடகை கொடுக்காமல் உள்ளே உட்கார்ந்திருக்க, அவன் இன்னொருத்தனை உள்வாடகைக்கு வைத்த கதை. இந்தக் கிருமியில் பல ரகம், சில ரகம் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம், அதனால் துளி சதை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். அப்போதே எடுத்துவிட்டு, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்.

புற்றுநோய் என்ற சொல்லுக்கு அப்புறம் அவர் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. கேட்க வேண்டிய ஒரே கேள்வியையும் கேட்காமல் வந்துவிட்டேன். இது இன்னொருத்தருக்கு ஒட்டுமா என்ற கேள்வி.

மறுவாரம் குப்பத்துக்குப் போனேன். விலை முடிந்து, அவள் வழக்கம்போல மீனைப் பிய்த்து நீட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. என் வாயில் பட்ட விரல் திரும்பக் கூடையில் படும், கூடையில் இருப்பது அவள் வாய்க்குப் போகும். வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“இன்னாடி, என் சரக்கு கலீஜுன்றியா?”

பல்வலி என்றேன். முந்தாநாள் பட்டாணி மென்றுகொண்டே கடையில் சண்டை போட்டவளுக்கு இன்றைக்குப் பல்வலியா என்றாள். அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்துப் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கூடையை இழுத்துப் பின்னால் வைத்துவிட்டு, இனிமேல் இந்த மணலில் கால் வைக்காதே என்றாள். நானும் சும்மா வரவில்லை, பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகு அழுதேன். அவள் இல்லாவிட்டால் எனக்குச் சிநேகிதி என்று வேறு யாரும் கிடையாது.

அதன் பிறகு காசிமேட்டில் யாரோ ஒருவரிடம் கடித்துப் பார்க்காமலே வாங்கினேன். சரக்கு பூஞ்சை பூத்துப்போய் வந்தது. வாடிக்கைக்காரர்கள் கருவாட்டை என் மடியிலேயே கொண்டுவந்து போட்டார்கள்.

பதினைந்தாம் நாள் டாக்டரம்மா, புற்று இல்லை, சாதாரண ரகம்தான் என்றார். உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை நான். மரத்துப்போக ஊசி போட்டு ஏழையும் சுட்டு எடுத்தார். திரும்ப வரலாம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், வெற்றிலையோடு புகையிலை போடுவதை இன்றோடு விட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அப்போதுதான் தைரியம் வந்து கருவாட்டு விஷயத்தைக் கேட்டேன். அவருக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் சிரித்துவிட்டார். இது பெரும்பாலும் ஆண் பெண் நெருக்கத்தில் ஒட்டுவது, ஒரு மீனைப் பிய்த்துத் தின்பதற்கு இவ்வளவு பயம் வேண்டாம், எச்.ஐ.வி. அப்படி ஒட்டவே ஒட்டாது என்றார். புண் ஆறுகிற வரைக்கும் மட்டும் உப்பு, காரம் ஆகாது.

புண் ஆறியதும் குப்பத்துக்குப் போனேன். எதிர்ப்பட்டால் அடிப்பாளோ என்றுகூட இருந்தது. உட்கார்ந்து மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். புருஷன், மாத்திரை, மரு, டாக்டரம்மா, எல்லாம். சொல்லும்போது அவளைப் பார்க்க முடியாமல் எண்ணூர்ப் பக்கம் தெரிந்த புகைபோக்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அந்த வரிசை மீன் முழுவதையும் திருப்பிப் போட்டு முடித்தாள்.

“சுட்டப்போ வலிச்சுதா?”

இல்லை, ஊசி போட்டார்கள் என்றேன்.

எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரு கிழங்கானைப் பிய்த்தாள். என் பாதியைக் கொடுத்தாள். கடித்தேன். தன் பாதியை அவள் வாயில் வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். வந்திருக்கவே கூடாது என்று நினைத்தேன்.

அவள் தன் துண்டைக் கூடையில் போட்டுவிட்டு, என் கையில் மிச்சம் இருந்த, நான் கடித்த துண்டைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாக மென்றாள்.

“கம்மிதான்டி உப்பு,” என்றாள்.

அத்தனை வருஷத்தில் அவள் அதை ஒத்துக்கொண்டது அன்று ஒரு நாள்தான். மறுவாரமே ‘உன் நாக்குலதான் கோளாறு’ என்று பழையபடி ஆரம்பித்துவிட்டாள். மருவும் அதற்கப்புறம் இரண்டு தடவை வந்து போனது, சுட்டுக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு என் வாயில் இருந்த கிழங்கானில் உப்பு சரியாகத்தான் இருந்தது.