எவனும் பார்க்காத இரண்டு புள்ளிகள்

கோட்டைக்குப்பத்து வைஷ்ணவிக்குக் கையைவிட வாய் வேகம். இணையத்தில் வரைபடம் செய்து கொடுப்பது அவள் தொழில். பெரிதாக்கும் பொத்தான், தேடும் பெட்டி, புள்ளி வைக்கும் வசதி எல்லாம் ஒரு காம்பொனென்ட் லைப்ரரி என்ற மென்பொருள் தொகுப்பில் தயாராகக் கிடைக்கின்றன. வேண்டியதை எடுத்துப் பொருத்திவிடுவாள். "படகு கட்டறவன் ஆணியையும் அவனேவா செய்றான்?" என்பாள்.

இந்த முறை வேலை சொந்த ஊருக்கு. ஏரியில் மண் ஏறிப்போய்ப் படகுகள் தரை தட்டுகின்றன. தூர்வார அதிகாரிகள் வருகிறார்கள். எங்கே என்று ஊர்தான் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இந்த வருஷமும் அம்போ. 'உங்கள் படகு தட்டிய இடத்தைத் தொடுங்கள்' என்று எழுதி, வரைபடத்தை எல்லார் போனுக்கும் அனுப்பினாள்.

ஒருவராவது தொட வேண்டுமே! தன் படகு தட்டியதென்று எந்த ஆம்பளை ஒப்புக்கொள்வான்? எல்லாரையும்விட ஓங்கிப் பேசியவர் அவள் அப்பா துளசிங்கம்தான். "நம்ம படகு ஒரு தபாகூட தட்டினதில்ல." வெற்று வரைபடத்தைப் பார்த்து வைஷ்ணவிக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சாப்பிடும்போது துளசிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். "எல்லப்பன் படகு சேத்துல மாட்டிக்கிச்சு! எறங்கித் தள்றான், தள்றான், நவுந்தாத்தானே!"

வைஷ்ணவி கையைக்கூடக் கழுவவில்லை. ஓடிப்போய்க் கேள்வியை மாற்றினாள்: 'அடுத்தவர் படகு எங்கே தட்டியது? யார் படகு?'

அவ்வளவுதான், ஊரே போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டது. நெருங்கிக் கிடக்கும் புள்ளிகளை ஒரே வட்டமாக்கி எண்ணிக்கை காட்டும் வசதியும் அந்த லைப்ரரியில் உண்டு. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்ததுதான் பெரிய வட்டம்: இருபத்தாறு. தொட்டுப் பார்த்தாள். துளசிங்கம், துளசிங்கம், துளசிங்கம். "ஐயோ நைனா!" என்று தலையில் கைவைத்தவள், பெயர்கள் தெரியாதபடி மறைத்துவிட்டாள்.

கூட்டத்தில் அதிகாரி அந்த வட்டத்தில்தான் விரலை வைத்தார். "ஒரே இடத்துல இத்தனையா? யாரோட படகு? பேர் இல்லாம எப்படிம்மா நம்பறது? இதை விட்டுடலாமா?"

அந்த வாய்க்காரி அப்பாவைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

துளசிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அல்லாமே நான்தான் சார். எம் பொண்ணு போட்ட படம் கரீட்டு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எல்லப்பனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "எவன்டா அவன் சிரிக்கிறது?" என்று அதட்டிவிட்டு, துளசிங்கம் மகள் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, இன்னும் ரெண்டு சேத்துக்கோ. அத்த எவனும் பாக்கல."