ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு ஆறரை மணி நேரம்

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். வான்வழித் தூரம் ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம். பாளையங்கோட்டையில் அக்காவின் இரண்டாவது மகளுக்குக் காதுகுத்து, பத்தரைக்கு முகூர்த்தம் என்றதும் செல்போனில் இதைப் பார்த்துவிட்டு அத்தானிடம் பெருமையடித்தேன். "ஏழரைக்கு ஏறுனா ஒம்பதுக்கு இறங்கிருவேன் அத்தான்."

"அது விமானத்துக்கு உள்ள நேரம் மாப்ளே. உம்ம வீட்டைப் பூட்டி, எங்க வீட்டு நடையில கால் வைக்க எவ்வளவு ஆவும்? அதைச் சொல்லும்வே."

அத்தான் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதியே இருபது வருடம் ஓட்டியவர். அவரை நான் கேலி செய்யாத நாளில்லை. ஆனால் இந்த முறை எனக்கே உள்ளூர உதைத்தது. மூத்தவளின் காதுகுத்தன்று நான் வந்த ரயில் தாமதமாகி, தாய்மாமன் மடிக்குப் பதில் வேறொருவர் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. இதுவும் தவறினால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஆனி மாதக் காற்று என் பெருமையைக் கவிழ்த்துவிட்டது. விமானம் கிளம்பியதே தாமதம். இறங்கப்போய் மறுபடி மேலே ஏறி வட்டமடித்தது. கீழே உப்பளங்கள் இரண்டு தடவை வந்து போயின. தரையைத் தொட்டபோது மணி பத்தரை தாண்டிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே வாடகைக் காரோடு அத்தான் நின்றார். கையிலிருந்த மஞ்சள் பையில் எனக்கான பட்டு வேட்டி.

"முகூர்த்தம் போச்சா அத்தான்?"

"பைய வாரும். பதினொண்ணரைக்கு மேல மாத்தியாச்சு. சொன்னா நீரு அடுத்த விமானத்துக்கு மாறிருவீரு, அதான் சொல்லல."

வல்லநாட்டுப் பாலத்தில் ஆற்றைக் கடக்கும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தந்தார். சென்னையில் என் வீட்டிலிருந்து விமான நிலையம், காத்திருப்பு, பறப்பது, ஆனிக் காற்றுக்கு முக்கால் மணி, சாலை, வேட்டி மாற்ற ஐந்து நிமிடம். மொத்தம் ஆறரை மணி நேரம். சொந்தக்காரர்கள் முகூர்த்தம் பத்தரைக்கே வேண்டுமென்று நச்சரித்தும் அவர் அசையவில்லையாம். என்ன மனிதர்! கேலி செய்த வாயை மூடிக்கொண்டேன். கடைசி வரி மட்டும் புரியவில்லை: 'மூத்தவளுக்குப் பத்து நிமிடம்.'

"இது என்னது அத்தான்?"

"வீட்டுக்கு வாரும், தெரியும்."

பாளையங்கோட்டை வீட்டில் கால் வைத்தபோது மணி பதினொன்றரை. வேட்டி மாற்றி, மணையில் உட்கார்ந்து குழந்தைக்காகக் கை நீட்டினேன். அதற்குள் எட்டு வயது மூத்தவள் பட்டுப்பாவாடை சரசரக்க வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குக் குத்தும்போது நீங்க வரலல்லா மாமா?"

ஆசாரி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பத்து நிமிடம் தாண்டியது. அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.