ஸ்பிரிதோன் எண்ணிய பதினைந்து கற்கள்

என் தங்கை ஸ்தோய்னா சாதித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கடிகாரம் பழுதுபார்ப்பது பற்றிய மூன்று பழைய ஜெர்மன் புத்தகங்களை, அந்த மொழி தெரியாமலே, அகராதியை வைத்துக்கொண்டு ஆறு வருடம் படித்தாள். அவற்றின் படங்கள் வலது கைக்காரர்களுக்கானவை. இவள் இடது கைக்காரி. ஒவ்வொன்றையும் கண்ணாடியில் காட்டித் திருப்பி வரைந்துகொண்டாள். நின்றுபோன பதினொரு கடிகாரங்களை ஓடவைத்தாள். யாரிடமும் தொழில் கற்காத ஒருத்தியிடம் எங்கள் த்ரியானோவோ ஊர்க்காரர்களைக் கடிகாரம் கொடுக்க வைத்தாள்.

நம்பிக் கொடுத்தார்கள் என்று எழுதினால் அது பொய். திருகாணியை மாற்றினால் தெரியட்டும் என்று ஒருத்தி அதில் நகச்சாயம் வைத்துக் கொடுத்தாள். இன்னொருவர் வேலை முடியும்வரை எங்கள் சமையலறையை விட்டு நகரவில்லை. நானும் என் கடிகாரத்தை ரொட்டிக்கடைத் தராசில் எடைபோட்ட பிறகுதான் கொடுத்தேன். அது அவளுக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஸ்பிரிதோன், பழுதுபார்த்த தன் சட்டைப்பைக் கடிகாரத்தைக் காலையில் வாங்கிப் போனார். மதியம் பூதக்கண்ணாடியோடு திரும்பி வந்தார். பின்னாலேயே முடிதிருத்தகத்திலிருந்து இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள்.

"பதினஞ்சு கல்லுன்னு உள்ள பொறிச்சிருக்கு. மூணு தடவ எண்ணிட்டேன், அஞ்சுதான் இருக்கு. மீதி பத்து எங்க, தாயி?"

சக்கரங்களின் அச்சு தேயாமலிருக்கப் பதிக்கும் சிவப்புக் கற்களைத்தான் கேட்டார். மற்றவை பாகங்களுக்கு அடியில் மறைந்திருக்கின்றன என்றாள் ஸ்தோய்னா. கண்ணுக்குத் தெரியாத கல்லைப் பற்றி ரயில்வேயில்கூடக் கேள்விப்பட்டதில்லை என்று அவர் சிரித்தார். வாசலில் இருந்தவர்களும் சிரித்தார்கள். திருடி என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றிவிடும்; பிறகு ஒரு கடிகாரமும் வராது.

கழற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் வரைந்துவைக்கச் சொல்லியிருந்தது முதல் புத்தகம். அப்படி வரைந்த தாளைக் காட்டினாள். படத்தை வேலை முடிந்த பிறகு நேற்றுக்கூட வரைந்திருக்கலாமே என்றார்.

"அப்ப இப்பவே கழட்டுறேன். கிட்ட உக்காந்து பாருங்க மாமா. மேசைய மட்டும் ஆட்டிடாதீங்க."

ஒவ்வொரு பாகமாக வெளியே வந்தது. ஒரு சிவப்புக் கல்லைக் காட்டினால் அவர் ஒரு தீக்குச்சி வைப்பார். பதினான்கு குச்சியோடு எண்ணிக்கை நின்றது. வாசலில் ஒருவர் இருமினார். நானும் குச்சிகளை இரண்டு முறை எண்ணினேன்.

ஸ்தோய்னா, கடிகாரத்துக்குள் இப்படியும் அப்படியுமாக ஆடும் சக்கரத்தைச் சாமணத்தால் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தலைகீழாகத் திருப்பினாள். அடியில் எறும்பு முட்டையைவிடச் சிறிதாக ஒரு சிவப்பு முனை.

"இதுவும் கல்லுதான். இது இல்லன்னா கடிகாரம் ஓடாது."

அவர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கடைசிக் குச்சியை வைத்தார். திரும்பப் பூட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. கடிகாரம் ஓடியது. மன்னிப்பு எதுவும் அவர் கேட்கவில்லை. பின்மூடியைத் திருப்பிக் காட்டினார். முன்பு பழுதுபார்த்த நான்கு பேர் தங்கள் பெயரையும் தேதியையும் அதில் ஊசியால் கீறியிருந்தார்கள்.

"உன் பேரு எங்க?"

அவர்கள் முறையாகத் தொழில் கற்றவர்கள், தான் வெறும் புத்தகம் படித்தவள் என்று அவள் தயங்கினாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பேரு போடாதவங்களக் கண்டாத்தான் எனக்குச் சந்தேகம். நாளைக்கு இது நின்னுபோனா யாரு கதவத் தட்டுறது? போடு."

அவள் ஊசியை இடது கையில் எடுத்தாள். நான்கு பெயர்களுக்கும் கீழே, வரி கோணாமல் கீறினாள்: ஸ்தோய்னா மின்சேவா, 1994 பிப்ரவரி 9.